துணைச் சேவையகமும் நாள்வழி ஏடுகளும்

வணிகர் மனையிற் கணக்கெழுதும் முறையை அறியாதார் இலர். காலையிற் கடை திறந்தது முதல் மாலையிற் கடை கட்டும்வரை நிகழும் கொடுக்கல் வாங்கல்களையெல்லாம் கணக்கர் நிகழ்ந்த வரிசையிலேயே நாள்வழியில் எழுதிவைப்பர். பின்னர் ஓய்வு நேர்ந்தபோது அவற்றை ஆள்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பேரேட்டிற் பெயர்த்தெழுதுவர். 'பேரேட்டில் ஏறிவிட்ட பின் இந்நாள்வழியால் ஆவதென்ன? எடைக்குப் போட்டுவிடலாமே' என்று கடைப்பையன் ஒருவன் கேட்பானாயின், பழகிய கணக்கர் உடனே விடை கூறார். பேரேட்டை எடுத்து அதன் இறுதிப் பதிவைக் கண்ணாற் பார்த்த பின்னரே விடை கூறுவர். இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது அக்கடைப்பையனின் வினாவேயாம். கணக்கு மட்டும் கணினியின் கணக்கு.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இருந்துகொண்டு இப்பொருளை எடுத்துக்கொண்டது ஏன் என்று எம் ஆசிரியர் ஒருவர் வினவினார். அதற்குரிய காரணம் ஒன்று உண்டு. எமது பிழையொன்று அதில் அடங்கியிருத்தலின் முதலிலேயே அதனைக் கூற மனம் ஒருப்படவில்லை. உரிய இடத்திற் கூறுவோம்.

தரவுத்தளத்தில் ஒரு செய்தியைப் பதிகின்றோம் என்று கொள்வோம். நூலகத்திற்கு ஒரு புதுநூல் வந்துளது. அதன் பெயர், ஆசிரியர், எண் ஆகியவற்றை எழுதிப் 'பதிக' என்று ஏவுகின்றோம். அச்செய்தி அட்டவணையில் ஓரிடத்திலும், ஆசிரியர் அகரவரிசையில் மற்றோரிடத்திலும், எண்வரிசையில் வேறோரிடத்திலும் ஏறவேண்டும். வட்டில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் அவ்விடங்களுக்கெல்லாம் அப்போதைக்கப்போதே ஓடி எழுதுதல் காலம் பிடிக்கும் வேலை. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுபோமாயின், ஓரிடத்தில் எழுதியும் மற்றோரிடத்தில் எழுதாதும் கணக்குக் குழம்பிவிடும். ஆதலின் சேவையகம், 'இன்ன பக்கத்தில் இன்ன இடத்தில் இன்ன மாற்றம்' என்று முதற்கண் நாள்வழியில் ஒரே ஒழுங்காக எழுதி, அஃது வட்டிற் பதிந்ததென்று உறுதி பெற்ற பின்னரே 'பதிந்தாயிற்று' என நமக்கு விடை தருகின்றது. பேரேடாகிய அட்டவணைகளில் அம்மாற்றத்தைப் பின்னர் ஓய்வாக எழுதிக்கொள்ளும். இடையில் மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. மீண்டும் எழுந்தவுடன் நாள்வழியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்துப் பேரேட்டைச் செப்பஞ்செய்துகொள்ளும்.

தரவுத்தள மென்பொருள்கள் பல. அவற்றுள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பதையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அஃது எவர்க்கும் விலையின்றிக் கிடைப்பது, யாம் கையாண்டு கெடுத்ததும் அதுவே. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 7.1-ஆம் பதிப்பு முதல் இந்நாள்வழி முறை அதில் உண்டு. நாள்வழி முழுதும் ஒரே சுருளாக இராது. ஏடு ஏடாகப் பகுக்கப்பட்டிருக்கும். வேறு ஏற்பாடு செய்தாலன்றி ஓர் ஏட்டின் அளவு 16 மெகாபைட். ஒவ்வோர் ஏட்டுக்கும் 24 குறிகள் கொண்ட பெயர் ஒன்றுண்டு. அவற்றுள் முதல் எட்டும் அவ்வேடு எக்கால்வழியைச் சார்ந்தது என்பதைக் குறிக்கும். எஞ்சிய பதினாறும் வரிசையெண். பெயர்களை அடுக்கிப் பார்த்த அளவிலேயே எது முந்தியது எது பிந்தியது என்பது புலனாம்.

நாள்வழியிலுள்ளவை அனைத்தும் பேரேட்டில் ஏறின என்று சேவையகம் அவ்வப்போது உறுதி செய்துகொள்ளும். இதனைச் செக்பாயிண்ட் என்பர். யாம் நிலைப்புள்ளி என்போம். இயல்பாக ஐந்து நிமிடத்திற்கொரு முறையேனும், நாள்வழி 1 ஜிகாபைட் அளவை நெருங்கும்போதேனும் இது நிகழும். நிலைப்புள்ளிக்கு முந்திய ஏடுகள் அச்சேவையகத்திற்கு இனி வேண்டா. அவற்றுட் சிலவற்றை அழித்துவிடும். சிலவற்றிற்குப் புதுப்பெயர் இட்டு மீண்டும் எழுதுதற்கு வைத்துக்கொள்ளும். இவையெல்லாம் மனிதர் கைபடாமலே நடைபெறும்.

மனிதர் கைபட்டதனால் விளைந்த கேடொன்று சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையார்க்குச் சுவைதருவதாம். இவ்வேடுகள் இருந்த அறையின் பெயர் முன்னாளில் 'பிஜி எக்ஸ்லாக்' என்பது. லாக் என்னும் சொல்லுக்கு, இயந்திரம் தன் போக்கில் எழுதித்தள்ளும் நிகழ்ச்சிக் குறிப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. அத்தகைய குறிப்புகளை அழித்தால் இடம் மிகும், தீங்கொன்றும் இல்லை. வட்டு நிரம்பிய பதற்றத்தில் எங்கே இடம் உண்டு என்று தேடினோர், லாக் என்ற பெயரைக் கண்டு, குப்பையென்று கருதி, கணக்கின் உயிரையே கிள்ளி எறிந்தனர். இப்பிழை மீண்டும் மீண்டும் நிகழவே, 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அவ்வறையின் பெயரைப் 'பிஜி வால்' என்று மாற்றிவிட்டனர். பெயரொன்று பொருளை மறைத்ததனால் பெயரை மாற்றவேண்டியதாயிற்று. லாக் என்பதற்குக் குறிப்பேடு என்று மொழிபெயர்க்காமல் நாள்வழி என்று யாம் எழுதிவருவதும் இவ்வச்சம் பற்றியே.

நிற்க. ஒரே சேவையகம் இருக்கும் வரையில் அதன் ஏடுகளை எப்போது களைவது என்னும் வினா எளியது. எழுதுவோரும் படிப்போரும் ஒருவரே. முதன்மைச் சேவையகம் பழுதுற்றால் அதன் இடத்தில் உடனே நிற்பதற்கென்று மற்றொரு சேவையகத்தை வைக்கும்போதுதான் அவ்வினா கடினமாகின்றது. ஸ்டாண்ட்பை எனப்படும் இத்துணைச் சேவையகம், முதன்மையின் முழுப்படி ஒன்றிலிருந்து தொடங்கி, முதன்மை எழுதும் நாள்வழி ஏடுகளை ஒவ்வொன்றாகப் பெற்று, அவற்றில் உள்ளவாறே தன் பேரேட்டிலும் மாற்றங்களை ஏற்றிக்கொண்டேயிருக்கும். ஏடுகள் அதனிடம் சேர்வதற்கு வழி இரண்டு. எழுதி நிறைந்த ஏட்டை முதன்மை ஒரு பொதுக் காப்பகத்திற் படியெடுத்து வைக்க, துணை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுதல் ஒன்று. எழுத எழுதவே வலையின் வழியாகத் துணைக்கு ஓதிவிடுதல் மற்றொன்று. இஃது 2010-இல் வந்த 9.0-ஆம் பதிப்பு முதல் வழக்கத்திற்கு வந்தது.

இனி, யாம் நோக்கவேண்டியது ஒன்று. காப்பகத்தில் ஓர் ஏடு சேர்ந்ததென்று உறுதி கிடைக்கும்வரை முதன்மை அதனைக் கைவிடாது. ஆயின் சேர்ந்தபின் அக்காப்பகத்தைப் பற்றி முதன்மை சிறிதும் கருதாது. அங்கே குவியும் ஏடுகளைக் களைவோர் எவருமிலர். அக்களையெடுப்பு, சேவையகங்களைக் காப்பவர்மேல் விழுந்த கடமை. அவர் களையாவிட்டால் என்னாகும்? காப்பகம் நிரம்பும்; நிரம்பினால் படியெடுத்தல் தவறும்; தவறினால் முதன்மை தன் ஏடுகளை விடாமல் தன்னிடமே குவித்துக்கொள்ளும்; அதன் வட்டும் நிரம்பினால், ஓர் எழுத்தும் எழுத இயலாமல் சேவையகமே நின்றுவிடும். களைந்தாலோ, களையும் ஏட்டைத் துணை இன்னும் படியாதிருத்தல் கூடும்.

எம் கதைக்கு வருவோம். இவ்விதழின் பழைய தொகுதிகளிலுள்ள கட்டுரைகளுக்கும் செய்யுட்களுக்கும் ஒரு பொருளடைவு தொகுக்கவேண்டுமென்று மாணவர் அறுவர் முற்பட்டோம். கட்டுரைக்கொரு சீட்டு எழுதி, அச்சீட்டுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது எம் முறை. நூலகத்தின் பின்னறையில் பழைய கணினி இரண்டு கிடைத்தன. ஒன்றை முதன்மையாகவும் ஒன்றைத் துணையாகவும் அமைத்துக் காப்பகமாக 32 ஜிகாபைட் கொண்ட தனி வட்டொன்றைப் பூட்டினோம். அமைத்துக் கொடுத்தவர் எம் அண்ணன் முறையான ஒரு பழைய மாணவர். அமைத்துவிட்டு அவர் தம் வேலைக்குத் திரும்பினார். கணினிகளைக் காக்கும் பொறுப்பு, எக்காரணத்தாலோ, எம்மைச் சேர்ந்தது.

அடைவு மிகச் சிறியது. அவ்வாறிருந்தும் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் காப்பக வட்டு நிரம்பிவிட்டதைக் கண்டு திகைத்தோம். காரணம் பின்னரே விளங்கிற்று. துணை மிகவும் பின்தங்கிவிடாதிருக்கும்பொருட்டு, ஏடு நிறையாவிடினும் பத்து நிமிடத்திற்கொரு முறை அதனை மூடிக் காப்பகத்துக்கு அனுப்புமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நான்கு சீட்டு எழுதினாலும் ஏடு ஏடுதான். அதன் அளவு 16 மெகாபைட்டிற் குறையாது. ஒரு நாளிற் பத்து மணி நேரம் எழுத்து நடைபெறின் 60 ஏடுகள். அஃதாவது 960 மெகாபைட். ஒரு முழத் துணியை அளந்து கொடுப்பதற்கு ஒரு பேழை வீதம் செலவழித்தாற் போன்றது இது. ஏடுகளைச் சுருக்கிக் கட்டி வைத்திருப்பின் பெரும்பகுதி இடம் மிஞ்சியிருக்கும். அதனை அப்போது யாம் அறியோம்.

வட்டு நிரம்பிய அன்று யாம் செய்தது இது: 'ஏழு நாளுக்கு மேற்பட்ட ஏடுகளை நாள்தோறும் நள்ளிரவில் நீக்குக' என்று ஒரு வரிக் கட்டளை எழுதிக் கணினியிடம் ஒப்படைத்தோம். ஏழு நாள் என்பது எவ்வாறு வந்தது என்று கேட்பின் விடையில்லை. வாரம் ஒன்று என்பது நிறைவான காலமாகத் தோன்றிற்று, அவ்வளவே. துணை எப்போதும் சில நிமிடங்களே பின்தங்கியிருந்தமையால் ஏழு நாள் என்பது வேண்டியதற்கும் பன்மடங்கு மிகுதி என்றே எண்ணியிருந்தோம்.

கோடை விடுமுறையில் பின்னறையின் ஒரு பக்கத்துச் சுவரில் மின்கம்பி மாற்றும் வேலை நடந்தது. அப்பக்கத்திலிருந்த துணைச் சேவையகத்தைப் பன்னிரண்டு நாள் நிறுத்திவைத்தோம். முதன்மை மறுபக்கத்தில் இருந்தமையால் சீட்டேற்றும் வேலை தடையின்றி நடந்தது. விடுமுறையாதலின் முன்னினும் விரைவாகவே நடந்தது. பதின்மூன்றாம் நாட் காலையில் துணையை எழுப்பினோம். அஃது எழுந்தது, விளக்கெரிந்தது, குறையேதும் வெளியே தோன்றவில்லை. தான் விட்ட இடத்திற்கு அடுத்த ஏட்டைக் காப்பகத்தில் தேடிற்று, கிடைக்கவில்லை, இன்னும் வரவில்லை போலும் என்று காத்திருந்தது. கேட்ட ஏடு இனி ஒருநாளும் வாராது என்பதை அஃது எவ்வாறு அறியும்? ஏழு நாளுக்கு மேற்பட்டதென்று யாமே அதனை நீக்கியிருந்தோம். மறுநாள் மாலையில் முதன்மையின் வட்டு பழுதாயிற்று. பழைய வட்டு, அதன்மேற் குறைகூற ஒன்றுமில்லை.

காப்பகத்தை ஓடிப் பார்த்தோம். அண்மையான ஏழு நாளின் ஏடுகள் அனைத்தும் ஒன்றும் குறையாமல் இருந்தன. துணையிடம் விடுமுறைத் தொடக்கம் வரையிலான அடைவு முழுதும் இருந்தது. இடையிலிருந்த சில நாள்களின் ஏடுகளே இல்லை. அச்சில நாள்களை மட்டும் இழந்தோம் என்று முதலில் ஆறுதலுற்றோம். அஃதும் அறியாமையே. 'இன்ன பக்கத்தில் இன்ன இடத்தில் இன்ன மாற்றம்' என்பதன்றோ நாள்வழியின் நடை? அப்பக்கம் அதற்கு முந்திய மாற்றத்தின் பின் எந்நிலையில் இருக்கவேண்டுமோ அந்நிலையில் இருந்தாலன்றி அடுத்த மாற்றத்தை அதன்மேல் ஏற்றல் இயலாது. ஆதலின் சேவையகம் ஓர் ஏட்டையேனும் தாண்டிச் செல்ல இசையாது. கையில் இருந்த ஏழு நாளின் ஏடுகளும், இல்லாத சில நாளின் ஏடுகள்பொருட்டு, வெறும் பாரமாய்ப் போயின. துணை நிறுத்தப்பட்ட நாள் முதல் ஏற்றிய அனைத்தும் ஒருங்கே இழந்தோம்.

தாட்சீட்டுகள் இருந்தமையால் ஜூன் மாதத்து மாலைப்பொழுதுகளில் அமர்ந்து பெரும்பாலானவற்றை மீண்டும் ஏற்றினோம். ஆயின் சீட்டுகளிலும் ஒரு பகுதி, 'கணினியில் ஏறிவிட்டதே, இனி எதற்கு' என்று கிழித்தெறியப்பட்டிருந்தது. அச்சீட்டுகளுக்குரிய தொகுதியோ வெளியூரிலிருந்து இரவலாகப் பெற்றது. அதுவும் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. பொருளடைவில் அத்தொகுதியின் பக்கம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. பழைய மாணவருள் எவரிடமேனும் முற்பட்ட தொகுதிகள் இருப்பின், சின்னாளைக்கு நூலகத்திற்கு உதவினால் பெரிதும் நன்றியுடையோம்.

எம் கட்டளையிற் குற்றம் யாது? ஏழு என்ற எண் சிறிது என்பதன்று. பதினைந்து என்று எழுதியிருப்பின் அம்முறை தப்பியிருப்போம், வேறொரு முறை சிக்கியிருப்போம். ஏட்டின் வயதை அளவுகோலாகக் கொண்டதே குற்றம். ஓர் ஏடு வேண்டுமா வேண்டாவா என்பதை அஃது எழுதப்பட்ட நாள் சொல்லாது; அதனைப் படிக்கவேண்டியவர் எதுவரை படித்துளார் என்பதே சொல்லும். ஓலைச்சுவடி பெயர்த்தெழுதிய நாளில், ஒருவர் படிக்க மற்றவர் எழுதி, பின்னர் இரண்டையும் ஒப்புநோக்கி முடித்தாலன்றிச் செல்லரித்த மூலத்தைக் கழித்தல் கூடாது. ஒப்புநோக்காமலே ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளால் தமிழ் இழந்ததைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனைப் படித்துவைத்தும் யாம் வேறுவகையால் ஓர் ஆடிப்பெருக்கை நடத்தியிருக்கின்றோம்.

வயதைக்கொண்டு களையும் முறை எமக்கு மட்டும் தோன்றியதன்று. மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு மென்பொருளின் 8.0-ஆம் பதிப்பில், வேறு ஏற்பாடு செய்யாவிடின், அதன் நாள்வழிகள் 30 நாளில் தாமே நீங்குமாறு வைத்திருக்கின்றனர். இணைப்பற்றுக் கிடக்கும் துணையொன்று அந்நாளுக்குள் திரும்பாவிடின் அதற்கும் எம் துணைக்கு நேர்ந்ததே நேரும். ஆரக்கிளில், எல்லாத் துணைகளிலும் ஏற்றப்பட்ட பின்னரே களையலாம் என்று விதியமைத்துக்கொள்ள இடமுண்டு.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிற் செய்யவேண்டுவது இனிக் கூறப்படும். களையும் அதிகாரத்தைத் துணையினிடமே விட்டுவிடுதல் அதன் உட்பொருள். 9.0-ஆம் பதிப்பு முதலே 'ஆர்கைவ் கிளீனப் கமாண்ட்' என்றொரு நிரல் துணையின் அமைப்பேட்டில் உண்டு. அதில் எழுதப்படும் கட்டளையைத் துணையே உரிய காலத்தில் நிறைவேற்றும். நிறைவேற்றும்போது, 'இவ்வேடு முதல் எனக்கு வேண்டும். இதற்கு முந்தியவை வேண்டா' என்று ஓர் ஏட்டின் பெயரையும் உடன் கொடுக்கும். 'பிஜி ஆர்கைவ்கிளீனப்' என்னும் சிறு நிரல், அப்பெயரைப் பெற்று, வரிசையில் அதற்கு முந்திய ஏடுகளை மட்டும் காப்பகத்திலிருந்து நீக்கும். பெயரின் முதலெட்டுக் குறிகளாகிய கால்வழியை அஃது ஒப்பிடாது. எஞ்சிய வரிசையெண்ணையே ஒப்பிடும். சுருக்கிக் கட்டிய ஏடுகளாயின் அவற்றின் பின்னொட்டு இன்னதென்று அறிவித்தல் வேண்டும்.

துணை கூறும் அவ்வேடு எது என்பதில்தான் நுண்மை இருக்கின்றது. துணையிடம் ஓர் ஏட்டுக்கு மூன்று நிலைகள் உண்டு: வந்து சேர்ந்தது ஒன்று, படித்து ஏற்றியது ஒன்று, ஏற்றியது வட்டில் நிலைபெற்றது ஒன்று. படித்து ஏற்றியவுடன் அவ்வேடு வேண்டாவென்று எண்ணுதல் இயல்பு. ஆயின் ஏற்றிய மாற்றங்கள் அப்போது நினைவகத்தில் மட்டுமே இருத்தல் கூடும். அந்நிலையில் துணையே திடீரென நின்று எழுமாயின், இறுதியாகப் படித்த ஏட்டிலிருந்து தொடராது. தன் பேரேடு வட்டில் முற்றும் நிலைபெற்ற இடத்திலிருந்தே மீண்டும் படிக்கத் தொடங்கும். அவ்விடத்திற்கு மீள்தொடக்கப் புள்ளி என்று பெயர். துணை கொடுக்கும் பெயர், இப்புள்ளி அடங்கிய ஏட்டின் பெயரே. களையும் கட்டளை நிறைவேறுவதும் ஒவ்வொரு மீள்தொடக்கப் புள்ளியிலேயே. இன்னுமொன்று: முதன்மையின் நாள்வழியில் நிலைப்புள்ளி எங்குக் குறிக்கப்பட்டதோ அங்குத்தான் துணை மீள்தொடக்கப் புள்ளியை வைத்துக்கொள்ள இயலும். ஆதலின் முதன்மை நிலைப்புள்ளிகளை மிக அரிதாகச் செய்யுமாயின், துணை எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தும் ஏடுகள் நீங்காமல் நிற்கும். அதனைக் கண்டு, 'துணை பழுதாயிற்று' என்று கையால் நீக்கப் புகுதல் பெரும்பிழை.

இம்முறை அன்று இருந்திருப்பின் பன்னிரண்டு நாளும் நிறுத்தப்பட்டிருந்த துணை களையும் கட்டளையை ஒருமுறையும் ஏவியிராது. நாளொன்றுக்கு 960 மெகாபைட்டாகப் பன்னிரண்டு நாளின் ஏடுகள் 12 ஜிகாபைட்டினும் குறைவு. 32 ஜிகாபைட் வட்டில் அவை தாராளமாக அடங்கியிருக்கும்.

எம்மினும் பன்மடங்கு தேர்ந்தோரும் இவ்விடத்தில் இடறியிருக்கின்றனர். நிரல் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நிகழ்ந்ததை அந்நிறுவனத்தாரே ஒளிக்காமல் வெளியிட்டனர். அன்று மாலை தரவுத்தளத்தின்மேற் சுமை மிகுந்தது; துணை பின்தங்கிற்று; துணை படிப்பதற்கு முன்னரே வேண்டிய ஏடுகளை முதன்மை நீக்கிவிட்டது. காப்பகம் என்று ஒன்று அவர்கள் வைத்திலர். ஆதலின் துணையை வெறுமையாக்கி மீண்டும் முழுப்படி எடுக்கவேண்டியதாயிற்று. அம்முயற்சி பலமுறை தடைப்பட, இரவு வெகுநேரம் உழைத்துக் களைத்த பொறியாளர் ஒருவர், துணையின் அறையை வெறுமையாக்குவதாக எண்ணி முதன்மையின் அறையில் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் மறைந்துவிட்டது. நாள்தோறும் எடுப்பதாக நம்பியிருந்த மறுபடிகளோ, மென்பொருளின் பதிப்பு பொருந்தாமையால், எடுக்கப்படாமலே இருந்தன. வேறொரு காரணத்திற்காக ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட படியொன்றால் மீண்டனர். ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 குறிப்புரைகளும், 700 புதுக் கணக்குகளும் அவ்விடையீட்டில் இழக்கப்பட்டன என்று மதிப்பிட்டனர். கைதவறியதே கேட்டிற்குக் காரணம் என்பர் பலர். எம் கருத்தோ, முன்னரே நீங்கிய அவ்வேடுகளே அப்பொறியாளரை அந்நள்ளிரவில் அவ்வறை வாயிலுக்கு இழுத்து வந்தன என்பது.

முதன்மை அவ்வாறு முந்திக்கொண்டு நீக்காதிருத்தற்கு வழி இல்லையோ எனின், உண்டு. 2014-இல் வந்த 9.4-ஆம் பதிப்பு முதல் ஸ்லாட் என்னும் அடையாளம் ஒன்றைத் துணைக்கென முதன்மையில் இட்டுவைக்கலாம். நூலில் இடும் அடையாளக் கயிறு போன்றது அது. துணை எதுவரை பெற்றுத் தன் வட்டில் எழுதிக்கொண்டதோ அதுவரையிலேதான் முதன்மை நீக்கும். தன் வட்டிற் பெற்றதைத் துணை தன் மீள்தொடக்கப் புள்ளி கடக்கும்வரை தானே வைத்திருக்குமாதலின், ஈண்டுப் பெற்றதே போதுமானது.

இவ்வடையாளத்திற்கும் ஒரு நச்சுப்பல் உண்டு. துணை இறந்துபோயிற்று, அதனைப் பழைய இரும்புக்கும் கொடுத்தாயிற்று, அடையாளத்தை மட்டும் எடுக்க மறந்தனர் என்று கொள்வோம். என்றேனும் அத்துணை திரும்பிவரும் என்று நம்பி முதன்மை ஏடுகளையெல்லாம் குவித்துக்கொண்டேயிருக்கும். இறுதியில் தன் வட்டு நிரம்பித் தானும் நின்றுவிடும். துணையைக் காப்பதற்கு வைத்த காவல் முதன்மையையே கொல்லும். இதற்கென 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில், ஓர் அடையாளத்தின்பொருட்டு இத்துணை அளவுக்குமேல் ஏடுகளை வைக்கவேண்டா என்று வரம்பு கட்ட வழிசெய்தனர். நாமாகக் கட்டினாலன்றி அவ்வரம்பு இல்லை. கட்டினாலோ, வரம்பு கடந்த அன்று பின்தங்கிய துணை கைவிடப்படும். எதனைக் கைவிடுவது என்பதை வட்டு நிரம்பிய நள்ளிரவில் முடிவு செய்வதினும், பகலில் ஆறியிருந்து எண்ணி வரம்பைக் குறித்துவைத்தல் நன்று.

எம் பின்னறையில் இப்போது நடைபெறும் முறை வருமாறு. வயதைக்கொண்டு களையும் கட்டளையை எடுத்துவிட்டோம். துணையே களைகின்றது. திங்கட்கிழமைதோறும் அதே நிரலை, நீக்காமல் பெயரை மட்டும் காட்டுக என்னும் குறிப்புடன் ஒருமுறை ஓட்டி, அது காட்டும் பட்டியலை யாம் பார்வையிடுகின்றோம். காப்பக வட்டில் மூன்றிலொரு பங்கு இடமே எஞ்சுமாயின் எம் அறுவர்க்கும் செய்தி வரும். வந்தால் முதலிற் பார்ப்பது காப்பகத்தையன்று, துணை விழித்திருக்கின்றதா என்பதை. முதன்மைக்கும் துணைக்கும் உள்ள இடைவெளி எத்தனை நிமிடம் என்பதை ஒரு தாளில் நாள்தோறும் குறித்துவருகின்றோம்; அத்தாளைக் கிழிப்பதில்லை என்பதும் ஒரு விதி.

தமிழ்த்துறையிலும் ஒரு துணைச் சேவையகம் வைக்கவேண்டும் என்று இவ்வாண்டு ஒரு பேச்சு எழுந்துள்ளது. வைப்பின் மேற்கூறிய முறையை மாற்றவேண்டும். ஒரே காப்பகத்திலிருந்து இரு துணைகள் படிக்கும்போது, முந்திப் படித்தது தனக்கு வேண்டாதனவற்றை நீக்கும். பிந்திய துணை தனக்கு வேண்டியதை இழக்கும். ஆதலின் இரண்டின் அமைப்பேட்டிலிருந்தும் களையும் கட்டளையை எடுத்துவிட்டு, இரண்டும் கூறும் ஏட்டுப் பெயர்களைப் பெற்று, அவற்றுள் முந்தியது எதுவோ அதற்கு முற்பட்டனவற்றை மட்டும் நீக்கும் நிரலொன்றை யாமே எழுதவேண்டும். இரண்டில் ஒன்று விடை கூறாவிடின் அந்நிரல் ஒன்றையும் நீக்காமல் நிற்கவேண்டும். அதன் முதற்படியை எழுதி முடித்திருக்கின்றோம். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.